விளம்பரத்தை வாசிக்கக் கற்றுக் கொடுங்கள்!

1963-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி ரோமாபுரியில் கூடியிருந்த கத்தோலிக்க மேற்றிராணிமார்கள் ஒரு பிரகடனத்தை நிறைவேற்றினார்கள். பத்திரிகை, சினிமா, வானொலி, டெலிவிஷன் ஆகிய சாதனங்களைப் பற்றிய பிரகடனம் அது. ‘இன்டெர் மிரிஃபிகா’ என்று லத்தீனில் பெயர். இந்தச் சாதனங்களைச் சரியாகப் பயன்படுத்த இளைஞர்களைப் பழக்க வேண்டும். அதற்கான பயிற்சி கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் எல்லாப் படிகளிலும் நடக்க வேண்டும் என்று அதில் சொல்லப்பட்டிருக்கிறது. அறுபது வருஷங்களுக்கு மேல் ஓடிவிட்டன. நம் பகுதியில் அந்தச் சபை நடத்துகிற பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர்கள் கேட்கலாம்: அந்த வகுப்பு எங்கே? வாரத்துக்கு எத்தனை மணி?

பாட்டாளிகளின் ஏட்டுக்கு ரோமாபுரிப் பிரகடனத்தில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நமக்கும் அந்தச் சபைக்கும் உள்ள வழக்கு பழையது. கம்யூனிஸ்ட் கட்சியில் சேருகிற கத்தோலிக்கனுக்குத் தேவதிரவிய அனுமானம் கிடையாது என்று 1949-ல் ரோமாபுரி உத்தரவு போட்டதை நாம் மறக்கவில்லை. ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஹார்பர் தொழிலாளியின் மகனும் மீன்கூடை சுமக்கிற தாயின் மகளும் படிக்கிற பள்ளிக்கூடங்களில் பல அவர்கள் கையில் இருக்கின்றன. ராயபுரம் என்ற பெயரே இராயப்பர் கோவிலால் வந்தது. துறைமுகம் கட்டப்படாத காலத்தில், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே படகோட்டிப் பிழைத்த மக்கள் தங்கள் உழைப்பில் எழுப்பிய கோவில் அது. உதவி பெறும் பள்ளிகளில் உபாத்தியாயருக்குச் சம்பளம் சர்க்கார் கஜானாவிலிருந்து வருகிறது. ஆகவே கேட்கிற உரிமை நமக்கு உண்டு. நல்ல வார்த்தையை யார் சொன்னாலும், அதைச் சொன்னபடி செய்யுங்கள் என்று கேட்பதில் வெட்கமும் இல்லை.

இந்த வகுப்பு நமக்கு ஏன் வேண்டும்? பிள்ளைகளுக்குப் பொது அறிவு வளரட்டும் என்பதற்காக அல்ல. தொழிலாளியின் வீட்டுக்குள் வருகிற கூலிப் பணத்தில் ஒரு பங்கை விளம்பரம் எடுத்துக்கொண்டு போகிறது. கைச்செலவுக்குப் போகிற பணம் போதாதென்று, பிள்ளையின் மனத்தில் ஒரு தாழ்வையும் வைத்துவிட்டுப் போகிறது. இதைத் திருப்பி அடிக்கிற ஆயுதம் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடத்திலாவது கிடைக்க வேண்டும்.

ஒரு டப்பாவை எடுத்துக் கொள்வோம். பாலில் கலக்கிக் குடிக்கிற மாவு டப்பா. பரீட்சை மாதம் வந்தால் நம் வீடுகளிலும் அது வந்துவிடுகிறது. அப்பன் ஓவர்டைம் பார்த்து வாங்கி வருகிறான். குடித்தால் பிள்ளை வளர்வான், ஓடுவான், ஜெயிப்பான் என்று விளம்பரம் சொல்கிறது. டப்பாவின் முன்பக்கத்தை எல்லோரும் பார்க்கிறோம். பின்பக்கத்தில் எறும்பு எழுத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. 2023 ஏப்ரலில் ஒரு இளைஞர் போர்ன்விட்டா டப்பாவின் அந்தப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டி இணையத்தில் ஒரு படம் வெளியிட்டார். கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. அவர் படத்தை எடுத்துவிட்டார். ஆனால் விஷயம் அதற்குள் நாடு முழுவதும் பரவிவிட்டது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய கமிஷன் கம்பெனியிடம் விளக்கம் கேட்டது. அதே வருஷம் டிசம்பரில் கம்பெனி, 100 கிராம் மாவில் சேர்க்கிற சர்க்கரையை 37.4 கிராமிலிருந்து 32.2 கிராமாகக் குறைத்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இத்தகைய பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று இணைய வியாபாரிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அப்படி ஒரு வகை உணவுச் சட்டத்திலேயே கிடையாது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது!

எத்தனை வருஷமாக நம் தாய்மார்கள் அதை ஆரோக்கிய பானம் என்று நம்பி வாங்கினார்கள்! மூன்று கரண்டி மாவு போட்டால் அதில் ஒரு கரண்டிக்கு மேல் சர்க்கரை. ரேஷன் கடையில் கிடைக்கிற அதே சர்க்கரை. சர்க்கரை விலைக்கும் டப்பா விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் எவ்வளவு கோகோவுக்கு, எவ்வளவு விளம்பரத்துக்கு, எவ்வளவு லாபத்துக்கு? இது ஏழாம் வகுப்புப் பையன் போடக்கூடிய கணக்கு. சதவீதக் கணக்கு பாடப் புத்தகத்தில் இருக்கிறது. டப்பா வீட்டு அலமாரியில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கத்தான் ஆள் இல்லை.

இப்படி ஒரு பாடம் நம் நாட்டில் எழுதப்படவே இல்லை என்று சொன்னால் பொய்யாகும். மத்திய சர்க்காரின் என்.சி.ஈ.ஆர்.டி. நிறுவனம் 2007-ல் வெளியிட்ட ஏழாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் விளம்பரத்தைப் புரிந்துகொள்வது பற்றி ஓர் அத்தியாயமே இருந்தது. ஒரு பருப்புக்கும் ஒரு சோப்புக்கும் கற்பனையாக விளம்பரம் தயாரித்து, அவற்றை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துக் காட்டினார்கள். தாய்ப் பாசம் உள்ளவள் இந்த சோப்பைத்தான் வாங்குவாள் என்று விளம்பரம் சொன்னால், அதை வாங்க முடியாத ஏழைத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்று அந்தப் பாடம் கேட்டது. அதே புத்தகத்தில் இன்னொரு அத்தியாயம்: கர்நூலில் பருத்தி விளைவிக்கிற சிறு விவசாயியிடம் தொடங்கி, ஈரோட்டுத் துணிச் சந்தை, விசைத்தறி நெசவாளி, ஏற்றுமதி ஆலைத் தையல்காரி என்று ஒரு சட்டையின் பின்னாலேயே நடந்து, அமெரிக்கக் கடையில் போய் நிற்கும். ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் ஒரே பாடத்தில், ஒரே நூலில் கோக்கப்பட்டிருந்தார்கள்.

பின்னால் வந்த பதிப்புகளில் விளம்பரப் பாடத்தைக் காணோம். பாடச் சுமையைக் குறைக்கிறோம் என்ற பெயரில் எத்தனையோ போயின. அதில் இதுவும் ஒன்று. சுமை குறைந்தது யாருக்கு? பையனுக்கா, சோப்புக் கம்பெனிக்கா?

அது மத்திய பாடத்திட்டம், நம் பிள்ளைகள் படிப்பது மாநிலப் பாடத்திட்டம் என்று பதில் வரலாம். சரி. தமிழ்நாட்டு ஏழாம் வகுப்பிலும் ஊடகமும் ஜனநாயகமும் என்று ஒரு பாடம் இருக்கிறது. ஊடகத்தின் வகைகள், அதன் கடமைகள், ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்று ஒப்பிக்கலாம்; மார்க்கு வாங்கலாம். ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகிறபோது கண்ணில் படுகிற விளம்பரப் பலகையை வைத்து அந்தப் பாடத்தை நடத்தச் சொல்லுங்கள். அங்கேதான் ஊடகம் உயிரோடு நிற்கிறது.

கத்தோலிக்க சபைக்கே திரும்புவோம். 1997-ல் வத்திக்கானின் சமூகத் தொடர்புக் கழகம் விளம்பரத்தின் தர்ம நியாயத்தைப் பற்றித் தனியாகவே ஓர் அறிக்கை வெளியிட்டது. உண்மை, மனிதனின் கண்ணியம், சமூகப் பொறுப்பு ஆகிய மூன்றையும் விளம்பரம் காக்க வேண்டும் என்றது. தேவையில்லாத பொருளுக்கு ஆசை மூட்டுவதையும், ஏழை நாடுகளில் அது செய்கிற கேட்டையும் கண்டித்தது. இவ்வளவும் நாம் கையெழுத்துப் போடக்கூடிய வாசகங்கள். ஆனால் மருந்து என்ன என்று கேட்டால், விளம்பரத் தொழில் செய்கிறவர்களின் நல்ல மனச்சாட்சியே முதல் உத்தரவாதம் என்று அறிக்கை முடிவு கட்டுகிறது. இங்கேதான் நாம் பிரிகிறோம். மனச்சாட்சி உள்ள மனிதன் விளம்பரக் கம்பெனியில் இருக்க மாட்டான் என்று நாம் சொல்லவில்லை. அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறவனுக்கு வருஷக் கடைசியில் லாபக் கணக்கு இருக்கிறது. மனச்சாட்சிக் கணக்கு கிடையாது. மாமிசக் கடைக்காரனின் இரக்கத்தை நம்பி ஆடு இருக்க முடியுமா?

ஆகவே இந்த வகுப்பை ஒழுக்க போதனையாக நடத்தினால் பிரயோஜனம் இல்லை. பல இடங்களில் அப்படித்தான் நடக்கும் என்று நமக்குப் பயம். சினிமா பார்க்காதே, செல்போனைத் தொடாதே, ஆசைப்படாதே என்று பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, ஆசையைத் தயாரித்து விற்றவனை சாட்சிக்குக் கூட அழைக்காத விசாரணை அது. இங்கிலாந்தில் 1933-லேயே லீவிஸ், தாம்ப்சன் என்ற இருவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளம்பரத்தை அலசக் கற்றுத்தரப் புத்தகம் எழுதினார்கள். அவர்களுடைய கவலை ஜனங்களின் ரசனை கெட்டுவிடுகிறதே என்பது. நம்முடைய கவலை ஜனங்களின் கூலி கெட்டுவிடுகிறதே என்பது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 1987-ல் உயர்நிலைப் பள்ளிகளில் இந்தப் படிப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே இந்தப் படிப்பைப் பரப்பியவர்களில் முன்னணியில் நின்ற ஜான் புஞ்சென்டே ஒரு சேசு சபைப் பாதிரியார். ஆகையால் இது சபைக்கு ஆகாத வேலை என்றும் யாரும் சொல்ல முடியாது.

கேள்வியை எப்படிக் கேட்பது என்பதுதான் விஷயம். முகத்தை வெளுக்கச் செய்கிற களிம்பு விளம்பரத்தைப் பாருங்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் கடைக்கு வந்தது. கறுப்பான பெண் வேலைக்கு ஆகமாட்டாள், கலியாணத்துக்கு ஆகமாட்டாள். களிம்பு பூசினாள், இரண்டும் கிடைத்தன. இதே கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். 2020-ல் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் வெடித்து, உலகமே நிறவெறியைப் பற்றிப் பேச ஆரம்பித்த பிறகு, கம்பெனி பெயரை மாற்றி ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று வைத்தது. குழாய் அப்படியே இருக்கிறது. பெயர்தான் குளித்துவிட்டு வந்திருக்கிறது.

நம் பெண்களின் நிறம் எங்கிருந்து வந்தது? காசிமேட்டில் வெயிலில் மீன் காயப்போட்ட தாயிடமிருந்து வந்தது. தஞ்சாவூரில் நாற்று நட்ட பாட்டியிடமிருந்து வந்தது. வெயிலில் நின்று உழைத்தவர்களின் தோலை ஒரு குறை என்று சொல்லி, அந்தக் குறைக்கு மருந்து என்று ஒரு குழாயை அவர்களுடைய கூலியிலேயே விற்கிறார்கள். இதைப் பார்த்து ஒன்பதாம் வகுப்புப் பெண் கண்ணாடி முன்னால் அழுகிறாள் என்றால், அது அவளுடைய பலவீனமா? வகுப்பில் அந்த விளம்பரத்தைச் சுவரில் ஒட்டி வைத்து, இதை எடுத்தவன் உன் அம்மாவைப் பற்றி என்ன சொல்கிறான் என்று உபாத்தியாயினி ஒரு கேள்வி கேட்டால் போதும். அந்தப் பெண்ணுக்கு அழுகை போய்க் கோபம் வரும்.

சின்ன விஷயங்களும் உண்டு. பிஸ்கட் பாக்கெட்டின் விலை ஐந்து ரூபாயாகவே நிற்கிறது. எடை மட்டும் வருஷத்துக்கு வருஷம் இளைக்கிறது. பாக்கெட்டில் சிரிக்கிற குழந்தை இளைக்கவில்லை. பழைய உறையையும் புதிய உறையையும் பிள்ளைகள் சேகரித்து வைத்துக் கிராமுக்கு என்ன விலை என்று பார்க்கட்டும். 2024-ல் பதஞ்சலி கம்பெனியின் மருந்து விளம்பரங்கள் பற்றிய வழக்கில், மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையில் போட்ட விளம்பரம் நீங்கள் வழக்கமாகப் போடுகிற விளம்பரத்தின் அளவு இருக்கிறதா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. பொய்க்கு முழுப் பக்கம், மன்னிப்புக்கு மூலை! அடிக்கோலை எடுத்து அளந்து பார்க்க எந்த வகுப்பிலும் முடியும். மந்திர மருந்து விளம்பரத்தைத் தடை செய்கிற சட்டம் 1954-லேயே வந்துவிட்டது என்பதையும் கூடவே சொல்லிவிடலாம்.

செல்போன் சீட்டாட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சம்பளத் தேதியன்று எத்தனை குடும்பங்கள் அழுதன என்பது நம் தெருக்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2023-ல்தான் கவர்னரின் கையெழுத்து கிடைத்தது. 2025 ஆகஸ்டில் மத்திய சட்டமும் வந்து, பணம் வைத்து ஆடுகிற விளையாட்டுக்கு விளம்பரம் செய்வதையே குற்றமாக்கியது. அதற்கு முன் எத்தனை நட்சத்திரங்கள் திரையில் வந்து கூப்பிட்டார்கள்! பிள்ளைகள் அந்த முகங்களை மறக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் எண்ணூரில் இந்த வகுப்பு சோப்போடும் களிம்போடும் நின்றுவிடக் கூடாது. விளம்பரம் என்று தலைப்புப் போடாமல் வருகிற விளம்பரமும் இருக்கிறது. 2017 ஜனவரி 28-ந் தேதி விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெயால் சுற்றுப்புறத்துக்குப் பாதிப்பில்லை என்று துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. பத்திரிகைகளிலும் அப்படியே வந்தது. அந்த எண்ணெயோ எர்ணாவூர் ராமகிருஷ்ணா நகர்க் கரையில் தார் மாதிரித் திரண்டு நின்றது. மீனவர்களும் மாணவர்களும் பக்கெட்டால் வாரிக் கொட்டினார்கள். மீன் வாங்க ஆள் வரவில்லை.

2023 டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் கோரமண்டல் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ரோட்டுக்கு ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். கம்பெனியின் அறிக்கையில் கசிவு ஓர் ‘அசாதாரண நிலை’ ஆகிவிட்டது; மூச்சுத் திணறியவர்கள் ‘அசௌகரியம்’ தெரிவித்த சிலர் ஆகிவிட்டார்கள். மூச்சு முட்டுவதற்கு அசௌகரியம் என்று பெயர் வைக்க என்ன படிப்புப் படிக்க வேண்டும்? அந்தப் படிப்பைப் படித்தவர்கள் அவர்கள் பக்கம் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். அதைப் பிரித்து வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கம் வேண்டும். அறிக்கையின் நகலையும் அந்த இரவில் ஓடிய ஒரு தாயின் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தச் சொல்லை எந்தச் சொல்லால் மாற்றியிருக்கிறார்கள் என்று மாணவர்கள் கோடு போடட்டும். தமிழ் வகுப்புக்கு இதைவிட நல்ல மொழிப்பயிற்சி நமக்குத் தெரியவில்லை.

சொல்லாமல் விட்டதை வாசிப்பதும் ஒரு வாசிப்புத்தான். பெரம்பூரில் பின்னி ஆலை 1996-ல் மூடப்பட்டது. அந்த மண்ணில் எழுகிற அடுக்குமாடி வீடுகளுக்கு இன்று விளம்பரம் வருகிறது. 1921-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்த மண் அது என்பதை எந்தப் பலகையில் தேடுவது?

பள்ளிக்கூட நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்த வகுப்பை ஆரம்பித்தால் பையன்கள் முதலில் பள்ளிக்கூட வாசலில் தொங்குகிற ப்ளெக்ஸைத்தான் வாசிப்பார்கள். மாநில அளவில் ராங்க் அறிவிப்பதை சர்க்கார் 2017-ல் நிறுத்திவிட்டது. ஆனாலும் மே மாதம் வந்தால் தெருவெங்கும் மார்க்கு வாங்கிய முகங்கள்தான். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்கிறீர்களே, ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேரை டி.சி. கொடுத்து அனுப்பினீர்கள் என்று ஒரு பையன் எழுந்து கேட்டால் என்ன பதில்? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் வகுப்பு நடக்கவில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் கேள்வி வரும். பதிலோடு இருங்கள்.

பத்திரிகைகளும் தப்ப முடியாது. 2009 தேர்தலில் பணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகப் போட்ட கதையை பிரஸ் கவுன்சிலின் குழுவே 2010-ல் அறிக்கையாக எழுதியது. நம் ஏட்டையும் பையன்கள் எடுத்து வைத்துக்கொண்டு, இதை எழுதியவர்கள் யார், யாருக்காக எழுதுகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்கட்டும். இந்தக் கட்டுரையிலிருந்தே ஆரம்பிக்கலாம். கண்ணைத் திறந்துவிட்டு, எங்களை மட்டும் பார்க்காதே என்று சொல்ல முடியுமா?

நேரம் இல்லை என்பார்கள். கேரளத்தில் கண்ணூர் ஜில்லாவில் 2018-ல், தடுப்பூசியைப் பற்றிப் பரவிய பொய்ச் செய்திகளைக் கண்டு, சர்க்கார் பள்ளிகளிலேயே பொய்ச் செய்தியை இனங்காண வகுப்பு நடத்தினார்கள். அங்கே கிடைத்த நேரம் ராயபுரத்தில் கிடைக்காதா? புதிய புத்தகம் வேண்டாம், புதிய கட்டடம் வேண்டாம். வெள்ளிக்கிழமை கடைசி மணி ஒன்று போதும். உபாத்தியாயர்கள் ஏற்கெனவே கணக்கெடுப்பு, தேர்தல் வேலை என்று நொந்து போயிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் தலையில் மேலும் ஒரு சுமையைக் கட்டாமல், வேறு ஏதாவது ஒன்றை நிர்வாகம் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் என்று ஒன்று நடக்கிறது. வேலை நாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டினால் ஷிப்டுக்குப் போகிறவன் எப்படி வருவான் என்பது தனி வழக்கு. அதையும் எழுப்ப வேண்டியதுதான். அடுத்த கூட்டத்துக்குப் போகிற தாய்மார்களும் தோழர்களும் வீட்டில் கிடக்கிற காலி டப்பா ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தலைமை உபாத்தியாயர் மேசை மேல் வைத்து, பின்பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.